கறுவலுக்கு முதல் மீன்

இப்படிக் கிட்ட வந்து இருங்கள், மக்காள். காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. தள்ளியிருந்தால் என் குரல் வாவிக்குள் போய்விடும். இலட்சுமிப்பிள்ளை தன் நாயை வழியனுப்பிய கதையைச் சொல்கிறேன்.

நாவற்குடாவில் அவளுடைய வளவு வாவியில் போய்த்தான் முடிகிறது. அன்று காலை வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள், நாய் கறுவல் மறுபடியும் கரைக்கு இழுபட்டுப் போவதைக் கண்டாள். பின்னங்கால்கள் மண்ணில் கோடு கிழித்தன. வயிற்றுக் கட்டி தேங்காய் அளவுக்குப் பருத்திருந்தது. கொஞ்சம் போகும், கிடந்து மூச்சு வாங்கும், மறுகாவும் போகும். தோணி கட்டும் கட்டையடியில் விழுந்து, தண்ணீரைப் பார்த்தபடி கிடந்தது.

மாட்டு டொக்டர் றம்லா முந்தினநாளே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். "இனி மருந்து கேக்காதும்மா. நோவு மட்டுந்தான் மிச்சம். சொன்னீங்க எண்டா ஊசி போட்டு உறங்க வைக்கிறன்."

இலட்சுமிப்பிள்ளை அப்போதே ஓமென்றாள். புருஷன் யோகராசாதான் தலையாட்டவில்லை. "வைரவர்ர வாகனத்தக் கொல்லச் சொல்றியா? அது தன்ர பாட்டில போகும். தனியப் போக விடமாட்டன்" என்றார். நாய் படுத்த நாளிலிருந்து அவர் வாவிக்குப் போகவில்லை. தோணியைக் கரையில் கவிழ்த்துவிட்டு, கறுவலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்திருந்தார். வலை கொடியில் காய்ந்தது. கறுவலோ அவர் கையாலும் ஒன்றும் தின்னவில்லை. பால் வைத்தாலும் முகத்தைத் திருப்பியது.

அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. தோணி வந்ததும் முதல் மீன் கறுவலுக்கு. அது வாயில் விழுந்த பிறகுதான் வியாபாரிகூடக் கூடைக்குள் கை வைக்கலாம். தின்று முடித்தால், வேலை முடிந்த மனிசன்போலக் கொட்டிலுக்குள் போய்ப் படுத்துவிடும்.

கட்டையடியைப் பார்த்த இலட்சுமிப்பிள்ளையின் கையில் ஈர்க்குமாறு அப்படியே நின்றது.

"இஞ்ச பாருங்க. இது தோணி வரட்டும் எண்டு காத்துக் கிடக்கு. நீங்க போகாம தோணி எப்பிடி வரும்?"

"உனக்கென்ன விசரா புள்ள?"

"ஓம், விசர்தான். துணையிருக்கிறன் எண்டு நீங்கதான் அத இன்னும் வேலையில வெச்சிருக்கிறீங்க. எழும்புங்க."

யோகராசா பாயைச் சுருட்டினார். பிறகு, "நான் வாவியில நிக்கக்குள்ள அது போயிட்டா?" என்றார்.

"போகாது. நான் மடியில வெச்சிருப்பன். நீங்க போங்க, நான் றம்லாவுக்குப் போன் எடுக்கிறன்."

"எனக்குக் காய்ச்சல் எண்டா பனடோல். நாய்க்கு டொக்டர் வீட்ட வாறா" என்று முணுமுணுத்தபடி தோணியை நிமிர்த்தினார். கண் கலங்கினால் அவர் பேச்சு இப்படித்தான்.

தோணி கண்டல் மரங்களைத் தாண்டி மறைந்தபோது கறுவலின் காது எழுந்தது. இலட்சுமிப்பிள்ளை அழவில்லை. அழுதால் நாய் அவளைப் பார்க்கும். அது தண்ணீரையே பார்க்கட்டும். வெயில் ஏறவும் சேலைத் தலைப்பால் நிழல் பிடித்தாள். றம்லா வந்து, பையைத் திறக்காமல் பக்கத்தில் குந்தினாள்.

"தோணி வரச் சுணங்குமாம்மா?"

"சுணங்கட்டும் புள்ள. இதுக்கு வேல முடியல்ல."

தோணி வந்தது. யோகராசா முழங்கால் தண்ணீரில் குதித்து, உயிரோடு துடித்த திரளி மீனொன்றைக் கொண்டுவந்து கறுவலின் முன்னால் வைத்தார். கடிக்கப் பல்லில் பலமில்லை. மெல்ல நக்கியது. பிறகு மீனின் மேல் தாடையை வைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டது. வால் மண்ணில் ஒருதரம் தட்டியது.

"இப்ப போடு புள்ள" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

ஊசிக்குக் காலைப் பிடித்துக் கொடுத்தவர் யோகராசாதான்.

மறுநாள் தோணி திரும்பியபோது, பழக்கத்தில் முதல் மீனைக் கரைக்கு எறிந்துவிட்டார். எறிந்த கை அந்தரத்தில் நின்றது. கட்டையடியில் மீன் துள்ளியது. வியாபாரி கூடையைத் தொடாமல் நின்றான். இலட்சுமிப்பிள்ளையும் குனிந்து எடுக்கவில்லை. அது துள்ளி, ஈரமண்ணில் புரண்டு, மெல்ல மெல்லத் தண்ணீருக்கே போய்ச் சேரும்வரை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உங்கள் வீட்டிலிருந்து வெளிக்கிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் திரும்பி வரட்டும், மக்காள். உங்கள் வாசலில் காத்துக் கிடக்கிற கண்ணுக்கு, அது மனிசக் கண்ணோ வாயில்லாச் சீவன்ர கண்ணோ, காத்திருந்தது கிடைக்கட்டும்.