டிரில் மாஸ்டர் தோற்ற பரீட்சை

அருளானந்தம் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதைத் தாண்டியும் காரைக்குடிக் கல்லறைத் தோட்டம் வரை நடந்துபோய், மனைவி யூஜினியாவின் கல்லறையைக் கூட்டிவிட்டு, மூச்சு வாங்காமல் வீடு திரும்புவார். அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் தேவகோட்டைக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டு ஓசூருக்குக் குடிபோக மகன் பெனோவும் மருமகள் மரிய அனிதாவும் திட்டம் போட்டார்கள். பெனோவுக்கு அங்கே மாற்றல் வந்திருந்தது. அப்பாவையும் கூட்டிப்போகலாமே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அனிதாவுக்குத் தலைவலி வந்திருக்கும்.

கிழவருக்கு இல்லத்தைக் கண்டு பயமில்லை. அங்கே செத்தவர்களை அங்கேயே தோட்டத்தில் புதைத்துவிடுவார்கள் என்பதுதான் பொறுக்கவில்லை. யூஜினியாவுக்குப் பக்கத்தில் தனக்கென்று இடம் விட்டு வைத்திருந்தார். அதில் படுக்க வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

இல்லத்தில் ஒரு விதி உண்டு. தன் காலில் நடமாடுகிறவர்களைத்தான் சேர்ப்பார்கள். அங்கே வந்துபோகும் இளம் டாக்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "கைய ஊண்டாம எந்திரிச்சு, அந்தச் சுவரு வரைக்கும் போய்ட்டு வந்து உக்காருங்கய்யா" என்றார்.

டிரில் பீரியடில் நொண்டிச்சாக்கு சொன்ன பையன்களைக் காலமெல்லாம் பிரம்போடு நின்று பார்த்தவர் அருளானந்தம். அவர்கள் வித்தையெல்லாம் அவருக்கு அத்துப்படி. எழப்பார்த்தார், தொப்பென்று விழுந்தார். மறுபடி எழுந்து, சுவரைப் பிடித்துக் காலை இழுத்தார். உள்ளுக்குள் சிரித்தும் கொண்டார், பாவி மனுஷன்.

"இங்க சேர்க்க முடியாது சார்" என்றார் டாக்டர் பெனோவிடம். "எந்திரிக்கவே இம்புட்டுப் பாடுபடுறவுங்க ரொம்ப நாள் தாங்குறதில்ல. ஒரு வருசம் ஓடுனாப் பெருசு."

திரும்பும் பஸ்ஸில் மகனும் மருமகளும் பின்சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள். கிழவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"ஒரு வருசந்தானே, பல்லக் கடிச்சுக்கிருவோம். மாத்தலத் தள்ளிப்போடச் சொல்லிக் கேக்குறேன்."

"அப்ப மாமாவுக்குச் சொல்லி வச்ச கண் ஆபரேசன்?"

"இனிமே பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

பெற்ற பிள்ளை சொன்ன சொல் அது. அருளானந்தம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எழுந்தால் இல்லம், படுத்தால் வீடு. ஆகவே படுத்தார். மாற்றல் ஒரேயடியாக ரத்தாகட்டும், ஆரோக்கிய மாதா புதுமை செய்து காலைக் குணமாக்கினாள் என்று சொல்லி எழுந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆரம்பத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து அறைக்குள் நடந்து பார்த்தார். அதற்கும் மண் விழுந்தது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளக் காளியாயி என்ற பெண்ணை அனிதா அமர்த்திவிட்டாள். பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசி ஜெபித்துவிட்டுப் போனார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "நல்ல மனுசரா இருந்தாரு" என்று கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார்கள். வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது. அவர் படுத்தே கிடந்தார்.

ஐப்பசியில் மாற்றல் ரத்தானது. அடுத்து வந்தது கல்லறைத் திருநாள். பெனோவும் அனிதாவும் பூவும் மெழுகுவத்தியுமாகக் கிளம்பினார்கள்.

"பெனோ, நில்லுடா. நானும் வாரேன்" என்று கிழவர் காலைத் தரையில் வைத்தார். மாதாவின் பேரைச் சொல்லி எழுந்தார். முழங்கால் மடிந்தது. கட்டிலைப் பிடித்து மறுபடி எழுந்தார். மறுபடியும் மடிந்தது. இந்தத் தடவை நடிப்பு ஒரு துளியும் இல்லை. தொடையைத் தொட்டுப் பார்த்தார், எலும்புதான் கையில் தட்டுப்பட்டது.

"டேய், நான் நடிச்சேன்டா!" என்று தரையில் கிடந்து அழுதார். "ஒங்கம்மாகிட்டப் படுக்கணும்னு நடிச்சேன். எனக்குக் காலு நல்லாத்தான்டா இருந்துச்சு!"

பெனோ அவரை அள்ளிக் கட்டிலில் போட்டான். அனிதா வாசலில் நின்றபடியே பார்த்தாள்.

"காலுதான் போச்சுன்னு பாத்தா, புத்தியும் பெரண்டு போச்சு" என்றாள். "காளியாயி, கதவச் சாத்திக்க. சத்தம் தெருவுக்குக் கேக்குது."