தேய்ப்பில் நிற்பது

என் அண்ணன் சட்டை தேய்ப்பதைப் பார்க்கத் தொடங்கியவர்கள், அந்தச் சட்டை முடியும்வரை அசையமாட்டார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டமாட்டார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் சுருக்கங்கள் விலகிப்போவதையே கண் தொடரும். சட்டையை மடித்து வைத்ததும் இமைத்துவிட்டு, பால் வாங்க வந்தவர் பால் வாங்கப் போவார். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாமதமாக வந்தவரை "தேய்ப்புல நின்னுட்டியா?" என்று கேட்பார்கள். பிறகு காதலில் விழுந்தவனையும், கடைக் கண்ணாடிமுன் நகராதவளையும் அப்படியே சொன்னார்கள்.

வங்கி குமாஸ்தாவின் நீலச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சட்டையில் வலப்பக்கம் முடிந்திருந்தது. தேநீரோடு வந்த மகள் எதிரே நின்றிருந்தாள். அவரை உள்ளே தூக்கிப்போனோம், அவள் திரும்பவில்லை. பாடை அவளைத் தொட்டுக்கொண்டுதான் போனது. அதற்கும் திரும்பவில்லை.

தண்ணீர் தெளித்தோம். காதில் கத்தினோம். டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். தூக்கிக் கட்டிலில் போட்டால் விடியும்போது தெருவோரத் தேய்ப்பு மேசையருகே நின்றாள். அண்ணி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள், மழைக்குக் குடை பிடித்தாள், ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "முதல்ல இவ வரட்டும் தம்பி. அப்புறம் அழுதுக்கறேன்" என்றாள். அரைகுறைத் தேய்ப்புதான் காரணம் என்று யாருக்கும் உறைக்கவில்லை. அதற்கு முன் அண்ணன் எந்தச் சட்டையையும் பாதியில் விட்டதில்லை. மேசையிலிருந்த துணிகளையும் பக்கத்து வீட்டு அக்கா சாவு வீட்டு அவசரத்தில் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தாள்.

குமாஸ்தா கூச்சக்காரர். இறந்தவர் கைபட்ட சட்டையை இன்னொருவரிடம் கொடுக்க மனமில்லாமல், ஒரு பக்கம் விறைப்பும் ஒரு பக்கம் கசங்கலுமாக அதையே போட்டுக்கொண்டு தெருவில் வந்தார். அண்ணி வழிமறித்தாள்.

"சட்டையைக் கழட்டுங்க."

"நடுத்தெருவுலயாம்மா?"

"என் பொண்ணும் நடுத்தெருவுலதான் நிக்கறா. கழட்டுங்க."

அண்ணி அதுவரை பெட்டியைத் தொட்டதில்லை. "உன் கையில குடுத்தா சட்டை போகும், சாம்பல் வரும்" என்று அண்ணன் கேலி செய்வார். இப்போது கரியை ஊதி, கனலைப் பார்த்து, சட்டையின் இடது தோளில் பெட்டியை வைத்தாள். துணி தீய்ந்தால் பெண் எங்கே போய் நிற்பாளோ, யாருக்குத் தெரியும்? வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. பனியனோடு நின்ற குமாஸ்தாவும் அசையவில்லை. நானும்தான். கை நுனி வரை போய், பொத்தான்களைச் சுற்றி வந்து, அண்ணி சட்டையை மடித்தாள். தெருவே ஒன்றாக இமைத்தது.

"நீயாம்மா தேச்சே? காலர் கோணலா இருக்கு" என்றாள் மகள். பிறகு உள்ளே எட்டிப்பார்த்து, "அப்பா?" என்றாள். இருவரும் மேசையருகிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது.

'தேய்ப்புல நிக்கறது' என்ற இந்தச் சொல்லுக்குப் படித்தவர்கள் வேறு வேர் காட்டக்கூடும். அதில் எனக்கு வழக்கில்லை. அண்ணியே இப்போது தேய்க்கிறாள். பார்ப்பவர்களுக்குக் கால் வலிக்கிறதே என்று, மேசைக்கு எதிரே ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டிருக்கிறாள்.