செவ்வரத்தை, பன்னம், ஒரு சுவெற்றர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செவ்வரத்தையையும் பன்னத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். (தமிழ்நாட்டு வாசகருக்கு: செம்பருத்தி, பெரணி.) செவ்வரத்தை பூக்கும் செடி. பன்னம் பூக்காது, அது தன்...

அந்த வரியில் அருளம்பலம் வந்து உட்கார்ந்துவிட்டார். பயந்த மனிதர். எழுப்ப மனம் வரவில்லை.

2

1986, மொன்றியல். "பனி கொட்டிக்கொண்டிருந்தது" என்று தொடங்கி அடித்துவிட்டேன். ஆவணி மாதம், புழுக்கம். அதிலும் அருளம்பலம் சுவெற்றர் போட்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் வாத்தியார். செயின்ட்-மிஷேல் பகுதி வாடகை அறையில் படுக்கும்போதும் கழற்றுவதில்லை. போன மாதம் வந்து சேர்ந்த மனைவி கனகமணி கேட்டதற்கு, "இஞ்சத்தைக் குளிர் எனக்கு ஒத்துவரேல்லை" என்றார்.

ஊரில் இராணுவ முகாமில் அவர் முதுகை அடித்துக் கிழித்திருந்தார்கள். அவளுக்குச் சொல்லவில்லை. வந்திறங்கிய விமான நிலையத்தில் அதிகாரிகளிடமும் "ஒருத்தரும் என்னைத் தொடேல்லை" என்றே சொன்னார். அடிபட்டவன் என்றால் இயக்கத்து ஆள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

3

இன்று அகதி விசாரணை. கனகமணியும் பக்கத்தில் இருந்தாள். அதிகாரி செலீன் ஜன்னலோரத் தொட்டிகள் இரண்டைக் காட்டினாள்: ஒன்றில் செவ்வரத்தை, மற்றதில் பன்னம்.

"மாஸ்டர், உதுகளின்ரை வித்தியாசத்தைச் சொல்லட்டாம். வாத்தியார்தானோ எண்டு பாக்கிறா" என்றார் மொழிபெயர்ப்பாளர் பேரின்பநாதன்.

அருளம்பலத்துக்குக் குரல் வந்தது. "செவ்வரத்தை பூத்து எல்லாத்தையும் வெளியிலை காட்டிப்போடும். பன்னத்துக்குப் பூவுமில்லை, விதையுமில்லை." ஓலையைத் திருப்பினார். அடியில் மண்ணிறப் பொட்டுகள். "இதுக்குள்ளை இருக்கிற தூள்தான் வித்தி. அதிலையிருந்துதான் அடுத்த பன்னம். பிரட்டிப் பாத்தால்தான் தெரியும்."

(இங்கே ஓர் உவமை எழுதி அழித்தேன். உங்களுக்கே தெரியும்.)

செலீன் தலையாட்டினாள். பேரின்பநாதன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வாத்தியார் எண்டதை நம்புறாவாம். ஒருத்தரும் தொடேல்லை எண்டால், திரும்பிப் போக ஏன் பயம் எண்டு கேக்கிறா."

அருளம்பலம் சுவெற்றரின் விளிம்பைப் பிடித்தார்.

4

முடிவு ஒன்று: கழற்றவில்லை. விமானம், பிறகு முகாம். இதை எழுத எனக்கே பயம்.

முடிவு இரண்டு: கனகமணி சொல்கிறாள், "கழட்டுங்கோப்பா. ஒரு நாளும் நீங்கள் மல்லாந்து படுக்கேல்லை. எனக்குத் தெரியாதே?"

எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இதிலும் செலீன் கேட்பாள்: "அப்ப அண்டைக்குச் சொன்னது பொய்யோ?" பொய்தான். பொய் சொன்னவர்களையும் அவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள்.

5

என்னால் முடியாது. செலீனை எழுப்பிவிட்டேன். அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

அருளம்பலம் உங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, சுவெற்றரைத் தூக்குகிறார்.