கைசருக்கு வெயில்காலக் குறிப்புகள்

ஜெரோம் கத்தாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, இனி என்ன செய்யப் போகிறான் என்று ஆவூரில் யாரும் கேட்கவில்லை. அவனாகவே ஒரு நாய் வாங்கினான்.

பெங்களூரிலிருந்து வந்த ஹஸ்கி. பனியில் வண்டி இழுக்கிற ஜாதி. உடம்பு முழுக்க இரண்டடுக்கு ரோமம், ஒரு கண் மட்டும் நீலம். அதைச் சித்திரை மாதத்தில் கொண்டுவந்து இறக்கிக் கைசர் என்று பேர் வைத்தான். கைசர் யார் என்று அவன் மனைவி ஞானசெல்வி கேட்டதற்கு, "பெரிய ஆளு" என்றான். அவள் நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். அதற்கு மேல் கேட்கவில்லை.

வீட்டுக்குள் இருந்தால் நாயை யார் பார்ப்பார்கள்? அதனால் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே கட்டினான். தரை பளபளவென்று கிரானைட். பதினொரு மணிக்கு மேல் வெறுங்காலோடு அதில் நிற்க முடியாது. நாய் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்கியது. "டான்ஸ் ஆடுறான் பாரு" என்று அதைச் செல்போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினான்.

ஞானசெல்விதான் சங்கிலியை அவிழ்த்துக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். அங்கே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வேப்பமரம். மண் எப்போதும் ஈரமாக இருக்கும். நாய் முன்னங்காலால் பள்ளம் பறித்து, வயிறு முழுவதும் மண்ணில் படுகிற மாதிரி படுத்து, நீளமாக மூச்சுவிட்டது. மறுநாளிலிருந்து அவள் இரண்டு சாக்கை நனைத்து அங்கே விரித்தாள். வாய் அகலமான சட்டியில் தண்ணீர் வைத்து மூன்று வேளையும் மாற்றினாள். விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு தடவை என்று சோறு வைத்தாள். விராலிமலை மாட்டு டாக்டருக்கு போன் போட்டு, முடியை வெட்டலாமா என்று கேட்டாள். வெட்டவே கூடாது, அந்த முடிதான் வெயிலைத் தடுக்கும், சீவி மட்டும் விடுங்கள் என்றார் அவர்.

"ஏசில வளந்த நாய். நீ எருமை மாதிரி சகதில போட்டு வச்சிருக்க" என்றான் ஜெரோம்.

"எருமைக்குத் தெரியிறதுகூட சில பேருக்குத் தெரியலையேங்க" என்றாள்.

அவனுக்கு அது புரியவில்லை. புரியும் என்று அவளும் நினைக்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு டீக்கடையில் கூட்டம் இருக்கும். ஆறரைக்குக் கலைந்துவிடும். ஆகவே நாலு மணிக்குத்தான் நாயை நடத்திக்கொண்டு போவான். "தார் ரோட்டுல கைய வச்சுப் பாத்துட்டுப் போங்க" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "நாய்க்கு உள்ளங்காலு செருப்பு மாதிரி. ஒனக்கு என்ன தெரியும்" என்றான். உள்ளங்கால் தோல் உரிந்து திரும்பி வந்த நாயை அவள் ஈரச் சாக்கில் நிறுத்தினாள். அவன் டீக்கடையில் நாயைப் பற்றி யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மே மாதத்தில் ஒரு நாள், பயிற்சி வகுப்பு என்று ஞானசெல்வி புதுக்கோட்டைக்குப் போய்விட்டுப் பன்னிரண்டரை மணிக்குத் திரும்பினாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் முந்தானை முழுக்க வேர்வை. கொல்லையில் நாயைக் காணவில்லை. மொட்டை மாடியிலிருந்து ஜெரோமின் குரல் கேட்டது. படியேறி, பாதியில் நின்றாள்.

"வணக்கம் நண்பர்களே. நம்ம கைசர நான் ஒரு கொழந்த மாதிரிதான் பாத்துக்கறேன். காலைல எந்திரிச்சதும் ரெண்டு சாக்க நனைச்சு வேப்பமரத்தடில விரிச்சுருவேன். மூணு வேளையும் தண்ணிய மாத்துவேன். முடிய வெட்டவே கூடாது நண்பர்களே, அதுதான் வெயிலத் தடுக்கும்."

நாய்களைப் பற்றி வீடியோ போடுகிற அருண்குமார் என்கிற பையன் புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்தான். ஜெரோம்தான் வரச்சொல்லியிருந்தான். மாதா கோயில் கோபுரம் பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காக மாடி. நிழல் விழுந்தால் முகம் இருட்டாகிவிடும் என்பதற்காக வெயில்.

"முக்கியமான விஷயம், உச்சி வெயில்ல நாய வெளியவே கொண்டுவரக் கூடாது நண்பர்களே" என்றான் ஜெரோம். கறுப்புக் கண்ணாடி, தலையில் தொப்பி, காலில் ஷூ.

"அண்ணே, அத மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க. நாயக் கொஞ்சம் இங்கிட்டு நகத்துங்க" என்றான் அருண்குமார்.

ஞானசெல்வி மேலே வந்தாள். கைசர் நாலு காலையும் அகட்டி நின்றது. நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கி, கருஞ்சிவப்பாக இருந்தது. எச்சில் பிசின் மாதிரி வடிந்தது. அவளைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தது.

"படுத்துட்டான்" என்றான் ஜெரோம், அருண்குமாரிடம். "படுத்திருக்க மாதிரியே பேசவா?"

பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் எத்தனையோ தடவை அவளுக்கு அவன்மேல் கோபம் வந்திருக்கிறது. இப்போது வரவில்லை. கோபப்படுவதற்குக்கூட எதிரே ஓர் ஆள் வேண்டும்.

"சங்கிலிய விடுங்க" என்றாள். கொடியில் காய்ந்த போர்வையை உருவி நாயை அதில் கிடத்தினாள். அருண்குமார் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஒரு முனையைப் பிடித்தான். ஜெரோம் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினான்.

வேப்பமரத்தடியில் டியூப்பைத் திறந்து வயிறு, தொடையிடுக்கு, கழுத்து, பாதம் என்று தண்ணீர் விட்டாள். ஜெரோம் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டோடு ஓடி வந்தான்.

"கொட்டாதீங்க. ஐஸ வச்சா தோலு சுருங்கி உள்ளுக்க இருக்கிற சூடு வெளிய வராது. டேபிள் ஃபேன எடுத்துட்டு வாங்க."

"எந்த ஃபேனு?"

"வீட்ல எத்தன இருக்கு?"

ஒன்றுதான் இருந்தது. அவன் அதைத் தேடிக்கொண்டு உள்ளே போனான். அருண்குமார் போய் எடுத்து வந்தான்.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் காரில் ஏசியைப் போட்டு விராலிமலைக்குப் போனார்கள். டாக்டர் சூடு பார்த்து, ட்ரிப்ஸ் ஏற்றினார். எத்தனை மணிக்கு வெளியே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்.

"காலைல எட்டு மணி இருக்கும் சார்" என்றான் ஜெரோம்.

அவள் அருண்குமாரிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். "பதினொன்றர மணி சார். மொட்ட மாடில. ஒரு மணி நேரத்துக்கு மேல."

அதற்குப் பிறகு டாக்டர் எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார்.

நாய் பிழைத்தது. மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏற்றவேண்டியிருந்தது. நாலாம் நாள்தான் மோர்ச்சோற்றை நக்கியது. அடுத்த வாரம் வீடியோ வந்தது. நாய் விழுந்ததை வெட்டியிருந்தார்கள்.

"அத எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

"ஏன், சொன்னதுல என்ன தப்பு?"

ஒரு தப்பும் இல்லை. எல்லாம் அவள் செய்ததுதான். அதை எடுத்துவிட்டால் எங்கேயோ கிரானைட்டில் காலை மாற்றி மாற்றி நிற்கிற இன்னொரு நாய்க்குத்தான் நஷ்டம்.

வீடியோவைப் பார்த்து ஆளாளுக்கு போன் செய்தார்கள். தன் பேரைச் சொல்லி விசாரிக்கிறவரைக்கும் ஜெரோம் பேசுவான். கேள்வி வந்ததும், "வேலையா இருக்கேன், என் ஒய்ஃப்ட்டக் குடுக்கறேன்" என்று நாற்காலியில் சாய்ந்தபடி நீட்டுவான். திருமயத்தில் லேப்ரடார் நாய் வளர்க்கிற ரஞ்சிதா என்ற பெண் அரை மணி நேரம் கேட்டாள். ஞானசெல்வி பொறுமையாகச் சொன்னாள்.

"அண்ணன் ஒங்களுக்கு எவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்கக்கா" என்றாள் ரஞ்சிதா.

"ஆமாம்மா" என்று சொல்லி வைத்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்த ஆமாம்மாவை நினைத்து, அவன்மேல் இருந்ததைவிடத் தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டாவது வீடியோவுக்குக் கேட்கிறார்கள் என்று ஜெரோம் வந்து நின்றபோது, அவள் கைசருக்கு முடி சீவிக்கொண்டிருந்தாள்.

"நாய் வராதுங்க. இனிமே சங்கிலிய நீங்க தொடவே கூடாது" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேணும்னா நாய் இல்லாம பேசுங்க."

அவன் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தான். பக்கத்து வீட்டு மருதாயி, வேலிக்கு அங்கிட்டு ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செம்மறிய ஒரு மணி நேரம் கேட்டுப் பாக்கவா?" என்றான்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை.