பதினோரு மணிக்குள்ள வந்துடுவாங்க

அப்துல் சமத் என்ற பெயர் ஹம்சாவின் திரையில் மூன்றாவது முறையாகச் சிவப்பில் எழுந்தபோது மணி இரண்டு பத்து. டப்பாவைத் திறந்து வைத்தும் எலுமிச்சை சேவையில் ஒரு வாய் கூட எடுக்கவில்லை. இனி இறங்காது என்று தெரிந்துவிட்டது.

அடையாறில் ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் கம்பெனி. காதில் ஹெட்செட்டோடு நாற்பது பேர். அவர்கள் வேலை இரண்டே இரண்டு. தமிழில் பேச வேண்டும். பேசி முடித்த நாற்பது நொடிக்குள், பேசியதை ஆங்கிலத்தில் குறிப்பாக எழுத வேண்டும். அதைப் பெங்களூரில் யாரோ படித்து மார்க் போடுவார்கள்.

அந்தக் குறிப்புக்கு ஒரு நடை உண்டு. 'அவர் கேட்டார்', 'நான் சொன்னேன்' என்று நடந்து முடிந்ததாகத் தொடங்கினால், பின்னால் வரும் சொல்லும் ஒரு படி பின்வாங்க வேண்டும். வில் வுட் ஆகும். கேன் குட் ஆகும். மே மைட் ஆகும். ஹம்சா தமிழ் வழியில் படித்தவள். சேர்ந்த புதிதில் இதிலேயே தினமும் மார்க் போனது. மஞ்சள் தாளில் பட்டியல் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள். ஐந்து மாதத்தில் கை தானாகவே எழுதப் பழகிவிட்டது.

அதற்கு மேலே ஒரு சட்டம் இருந்தது. நர்ஸ் வருவதைப் பற்றி எழுதும்போது வுட் கூடாது. வருவார் என்று கம்பெனி யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வரக்கூடும், அவ்வளவுதான். எனவே எப்போதும் மைட். எவளாவது வாக்குக் கொடுத்தது தெரிந்தால் அன்றைக்கே அவள் லாகின் போய்விடும், அதோடு வேலையும்.

ஆனால் தமிழில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? வலியில் முனகுகிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கேட்கும்போது, 'வரக்கூடும் சார்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. 'வந்துடுவாங்க சார்' என்றுதான் வரும். நாற்பது பேரும் அப்படித்தான் சொன்னார்கள். நாற்பது பேரும் மைட் என்றுதான் எழுதினார்கள். வேலை ஓடிக்கொண்டிருந்தது.

காலை எட்டரைக்கு அப்துல் சமத் முதலில் கூப்பிட்டபோதும் அப்படித்தான் நடந்தது. மயிலாப்பூர், கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவி கைசர் ஜஹானுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். சிறுநீர் போகும் ட்யூப் அடைத்துக்கொண்டது, உடனே மாற்ற வேண்டும். 'பதினோரு மணிக்குள்ள கண்டிப்பா வந்துடுவாங்க சார்' என்றாள் ஹம்சா. அந்தக் கண்டிப்பாவை யாரும் கேட்கவில்லை. அவளாகவே போட்டாள். குறிப்பில் மைட் என்று எழுதிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

நர்ஸை அசோக் நகருக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரு மணிக்கு அப்துல் சமத் கூப்பிட்டுப் புகார் கொடுத்தார். இப்போது மறுபடியும்.

"சொல்லுங்க சார்."

"இன்னாத்தம்மா சொல்றது? காலைலேர்ந்து வாசலையே பாத்துகினு கீறேன். வயிறு பந்து மாதிரி வீங்கிப்போச்சு அவளுக்கு. கத்தக்கூட முடியல."

"சார், ஆஸ்பத்திரிக்கு..."

"கேட்டேம்மா. தூக்கினு வான்றாங்க. இடுப்புல தகடு வெச்சவள ரெண்டு மாடி எப்டி எறக்குறது? எதுர் தெரு கம்பவுண்டர் பத்து மணிக்கு வந்து நின்னாரு. ஊருக்குப் போறேன் பாய், மாத்திட்டுப் போகவான்னாரு. நாந்தான் வேணான்னு அனுப்பிட்டேன். கம்பெனிலேர்ந்து வராங்க, அந்தப் பொண்ணு கண்டிப்பான்னு சொல்லிச்சுன்னேன். நீதானேம்மா அது?"

ஹம்சாவின் கை ஹெட்செட் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தது. "பாத்துட்டு கூப்பிடறேன் சார்" என்றாள். 'ஆமாம்' என்று சொல்லவில்லை.

பக்கத்து நாற்காலி அனன்யா திரும்பினாள். "மூஞ்சி ஏண்டி இப்படி வெளுத்துப் போச்சு? பெங்களூர்லேர்ந்து பொண்ணு பாக்க வராளா?"

ஹம்சா எழுந்து, டீம் லீடர் கதிரேசனின் மேஜைக்குப் போனாள். அவன் ஏற்கெனவே அந்தப் புகாரைத்தான் திறந்து வைத்திருந்தான். கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று: வாடிக்கையாளர் தவறாகப் புரிந்துகொண்டார். இன்னொன்று: எங்கள் தவறு.

"உன் நோட்ல மைட்னு கீது. கரெக்டா எழுதிகீற. பெருசு ஏதோ தப்பா புரிஞ்சிகினு கத்துது. க்ளோஸ் பண்ணிடறேன்."

"க்ளோஸ் பண்ணா நர்ஸ் எப்ப போவாங்கண்ணா?"

"நாளைக்கு வரிசைல எப்ப வருதோ அப்ப. நம்ம தப்புன்னு போட்டாதான் சூப்பர்வைசர் நர்ஸ் ஒடனே போகும். ஆழ்வார்பேட்டைல சும்மாதான் குந்திகினு கீது."

"சும்மா இருந்தா அனுப்பிடுங்களேன்."

"காரணம் கேக்கும் சிஸ்டம். இன்னான்னு அடிப்பேன்? பாவமா கீதுன்னா?" அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குரல் இறங்கியது. "ஏய். வருவாங்கன்னு சொல்லித் தொலைச்சிட்டியா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"என்கிட்ட எதுவும் சொல்லாத. நீ பேசின ஆடியோ வேணும்னா பெங்களூருக்கு மெயில் போடணும், அஞ்சு நாளாகும். எவனும் போடமாட்டான். போய் ஒக்காரு. அஞ்சு நிமிஷத்துல க்ளோஸ் பண்றேன்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வரும் இருபத்தெட்டாம் தேதியோடு வேலை நிரந்தரம். இரண்டு வருடத்தில் இது மூன்றாவது வேலை. முதல் இரண்டும் போனபோது அப்பா ஒன்றும் கேட்கவில்லை. பேப்பரை மட்டும் விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கதிரேசன் சொல்வதில் பொய் இல்லை. எழுதியிருப்பது மைட். ஆடியோ வராது. நாளைக்கு யாராவது போவார்கள். நாளைக்குள் அந்த வயிறு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. கம்பவுண்டர் பத்து மணிக்கு வந்து வாசலில் நின்றிருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

எழுதிய குறிப்பை அழிக்க முடியாது, அடியில் இன்னொன்று சேர்க்கலாம். பெட்டியைத் திறந்து 'நான் அவரிடம் சொன்னேன்' என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். கை பழக்கத்தில் மைட் என்று அடித்துவிட்டது. அழித்தாள். பதினோரு மணிக்குள் நர்ஸ் கண்டிப்பாக வருவார் என்று சொன்னேன், அதை நம்பி அவர் வேறு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று எழுதினாள். வுட். எண்டர் தட்டிய விரல் விசையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"லூஸா நீ?" கதிரேசனின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. பிறகு, மெதுவாக, 'எங்கள் தவறு' என்ற இரண்டாவது கட்டத்தைச் சொடுக்கினான்.

இரண்டு முப்பத்தொன்றுக்கு ஆழ்வார்பேட்டையிலிருந்து சூப்பர்வைசர் நர்ஸின் புள்ளி வரைபடத்தில் நகரத் தொடங்கியது. அது லஸ்ஸை நெருங்கியதும் ஹம்சா அப்துல் சமத்தைக் கூப்பிட்டாள்.

"சார், காலைல கண்டிப்பான்னு சொன்னது நான்தான்."

"தெரியும். இப்ப வருவாங்களா?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது 'கண்டிப்பா' என்ற அந்தச் சொல். விழுங்கினாள். "கிளம்பிட்டாங்க. இப்ப லஸ் கிட்ட இருக்காங்க. நீங்க கதவைத் திறக்கற வரைக்கும் நான் வைக்கமாட்டேன்."

அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. போனை எங்கேயோ வைத்தார். ஃபேன் சத்தம், நடுவில் அறுந்து அறுந்து ஒரு முனகல். புள்ளி ஒரு சிக்னலில் நின்றது. வெகுநேரம் நின்றது. திரையின் மூலையில் பெங்களூரின் மார்க் வந்து விழுந்தது. மொழி: பத்துக்குப் பத்து. விதிமுறை: பூஜ்யம். அதற்குக் கீழே, இந்த அழைப்பு முடிந்ததும் உங்கள் லாகின் நிறுத்தப்படும் என்றிருந்தது.

புள்ளி நகர்ந்தது. சந்துக்குள் திரும்பியது. படியில் செருப்புச் சத்தம். கதவு. "பாய், ஒரு பேசின் குடுங்க, சீக்கிரம். நீங்க அந்தாண்ட நில்லுங்க" என்று ஒரு பெண் குரல் அதட்டியது. அப்புறம் யாரோ போனை எடுத்துக் கட் செய்தார்கள்.

திரை சாம்பல் நிறமானது. கடவுச்சொல் கேட்டது. ஹம்சா ஒருமுறை அடித்துப் பார்த்தாள். ஏற்கவில்லை.

"ஆத்துல என்னடி சொல்லப்போற?" என்றாள் அனன்யா. இம்முறை கிண்டல் இல்லை.

"தெரியல." சேவை விறைத்துப் போயிருந்தது. டப்பாவை மூடிப் பையில் போட்டாள். வழக்கமாக ஏழு மணிக்குத்தான் வீட்டுக்குப் போவாள். மணி இன்னும் மூன்றுகூட ஆகவில்லை.