கை மட்டும் தெரியணும்

ஊறவைத்த துணி வாளியில் நுரைத்துக் கிடக்க, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாஷிங் மெஷினைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு கட்டைவிரலும் செல்போனில் ஓடிக்கொண்டிருந்தன. முன்பக்கம் திறப்பதா, மேல்பக்கம் திறப்பதா, உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது எது என்பதுதான் கட்டுரை. அவர்கள் வீட்டில் இருந்தது மேல்பக்கம் திறந்த அந்த வாளி மட்டும்தான்.

குழாய் ரிப்பேர் வேலையை முடித்துவிட்டு வந்த அவள் கணவன் சாமான் பையைக் கதவோரம் இறக்கி வைத்தான்.

"நம்ம குடும்பத்துக்கு எது ஏத்ததுன்னு எழுதிட்டியா?"

"எழுதணுமா என்ன? நீங்கதான்."

அவன் சிரித்துக்கொண்டே கால்சட்டையை மடித்துவிட்டு வாளியின் முன் உட்கார்ந்தான்.

அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள் அவள். அச்சகத்தை மூடியதும் ஒரு இணையதளம் கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை கொடுத்தது. வைரத்தை எப்படித் துடைப்பது, விமானத்தில் எந்த இருக்கை நல்லது, பூனைக்கு எடை கூடினால் என்ன செய்வது என்று அவள் எழுதித் தள்ளினாள். வீட்டு வாடகை அதில்தான் போயிற்று. வேலைக்குப் போகிற வீடுகளிலெல்லாம் "என் வீட்டம்மா எழுத்தாளர்" என்று சொல்லாமல் அவன் திரும்ப மாட்டான். அப்படிச் சொல்லும்போது அவனுக்கு வாயெல்லாம் பல்.

அந்த இணையதளத்தில் அவளுக்கு வேலை கொடுக்கிறவரை இருவரும் பார்த்ததே இல்லை. எல்லாரையும் டியர் என்று கூப்பிடுவார், அதனால் இவர்களும் அவருக்கு டியர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அன்று அவர் கூப்பிட்டபோது அவள் முகம் வாடிப்போனது.

"இனிமே கட்டுரை வேண்டாமாம். யாரும் படிக்கிறதில்லையாம். வீடியோதானாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு எடுத்து அனுப்பி, அது பிடிச்சிருந்தாத்தான் மேற்கொண்டு வேலையாம்."

"இல்லன்னா?"

"இல்லன்னா நான் வீட்டுல உக்காந்து உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"அவ்வளவு பெரிய தண்டனையெல்லாம் உனக்கு வேண்டாம்மா" என்றவன், நுரைக்கையோடு எழுந்து சமையலறைப் பக்கம் காட்டினான். "அந்தக் குழாய் எதுக்கு இருக்கு?"

ஊர்க் குழாயெல்லாம் சரிபண்ணுகிறவன் வீட்டுக் குழாய் மாதக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போது அந்தச் சொட்டுச் சத்தம் அவள் வயிற்றில் பால் வார்த்தது.

"உங்க சோம்பேறித்தனம் இப்பத்தான் உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கு" என்று அவன் தோளில் ஒரு அடி போட்டாள்.

டியரின் விதிகள் எளிமையானவை. கை மட்டும் தெரிய வேண்டும், முகம் கூடாது, பேச்சும் கூடாது. சொல்ல வேண்டியதை அவள் எழுதி அனுப்பினால் அவர்களே குரல் சேர்த்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கை காலையிலேயே வந்து இறங்கினாள். தையல் கம்பெனியில் அன்று அவளுக்கு விடுமுறை. முக்காலி மேல் அரிசி டப்பாவை வைத்து, அதன் மேல் செல்போனைச் சாய்த்து நிறுத்தினாள். அவன் நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவி, மாப்பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஆரம்பிக்கலாம் அண்ணே. முதல்ல ஒழுகுறதைக் காட்டணும்."

மூன்று பேரும் குழாயையே பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

"ஏங்க, இது ஏன் சொட்ட மாட்டேங்குது?"

அவன் அசடு வழிந்தான். "இல்லம்மா... எத்தனையோ பேர் பார்க்கப் போறாங்க. குழாய்க்காரன் வீட்டுக் குழாய் ஒழுகினா மானம் போயிடாதா? அதான் விடியக்காலையிலே எந்திரிச்சு சரி பண்ணிட்டேன்."

தங்கை சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளோ தலையில் கையை வைத்துக்கொண்டாள். "இத்தனை மாசமா கெஞ்சினேன், அப்பெல்லாம் வராத மானம் இன்னிக்குத்தான் வரணுமா? கெடுத்து விடுங்க!"

அவன் குழாயைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த புது ரப்பர் வாஷரை எடுத்தான். கத்தியை அதன் மேல் வைத்தவனுக்குக் கை ஓடவில்லை. நல்ல சாமானைக் கெடுத்துப் பழக்கமில்லை. அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வெடுக்கென்று பிடுங்கி, கடைவாயில் வைத்து ஒரே கடி கடித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அதைப் போட்டு மூடியதும் குழாய் பழையபடி சொட்டியது. மூன்று பேரும் கைதட்டினார்கள்.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. நடுவில் ஒருமுறை "இப்ப என்ன பண்றோம்னா" என்று அவன் வாயைத் திறக்க, தங்கை ஓடிவந்து பொத்தினாள். பையிலிருந்து இன்னொரு புது வாஷரை எடுத்துப் போட்டு முடுக்கி முடித்ததும், வழக்கம்போல் குழாயின் தலையில் இரண்டு விரலால் செல்லமாக இரண்டு தட்டுத் தட்டினான். எந்த வேலையை முடித்தாலும் தட்டுவான். காரணம் அவனுக்கே தெரியாது.

டியருக்கு வீடியோ பிடித்துப்போனது. வேலை தொடரும் என்று அவர் சொன்ன அன்று மூவரும் கடைத்தெருவுக்குப் போய் ஐஸ்கிரீம் தின்றார்கள். வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அவள் எழுதிய வாக்கியங்களை யாரோ ஒரு பெண் தேன்குரலில் சொன்னாள். கூலி மட்டும் ஒரு கட்டுரைக்கு உரியதே, அதுவும் ஒரு தடவைதான்.

"நம்ம பேரு எங்கயும் இல்லையே?" என்றான் அவன்.

"கேட்டேன். கைக்கு எதுக்கு டியர் பேருன்னு சிரிக்கிறாரு."

அதற்கும் சேர்த்து அவர்கள் சிரித்தார்கள்.

சில வாரம் கழித்து, பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் குழாய் ஒழுகுகிறது என்று அவனை வரச்சொன்னார். பஸ் ஏறிப் போய் மணியடித்தான். கதவைத் திறந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடடா, வர வேண்டாம்னு சொல்ல மறந்துட்டேனே. நானே சரி பண்ணிட்டேம்ப்பா! போன்ல ஒரு வீடியோ வந்துச்சு, அதைப் பார்த்தே பண்ணினேன். வா, வந்து பாரு."

அவர் நீட்டிய செல்போனில் அவன் கைகள் ஸ்பானரைத் திருப்பிக்கொண்டிருந்தன.

"கடைசியில ரெண்டு தட்டு தட்டணும்ப்பா. அதுலதான் சூட்சுமமே இருக்கு." அவர் தன் குழாயின் தலையில் இரண்டு விரலால் பயபக்தியோடு தட்டிக் காட்டினார். "இந்த ஆள்கிட்ட நீயெல்லாம் கத்துக்கணும்."

சிரிப்பை அடக்கியதில் அவன் கண்ணில் நீர் முட்டியது. "நல்லாவே பண்ணியிருக்கீங்க சார்" என்று மனதாரச் சொன்னான். கொண்டுபோன பையைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

வீட்டில் அவன் பயபக்தியோடு தட்டிக் காட்டியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் மறுபடி தட்டினான், அவள் மறுபடி சிரித்தாள். முதலில் நிறுத்தியது அவள்தான்.

"அப்ப இன்னிக்கு வேலை?"

"அதான் நாம முன்னாடியே பண்ணி அனுப்பிட்டோமே."

செல்போன் அடித்தது. டியர். அவள் கேட்டுவிட்டு வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்தது சிங்க் அடைப்பாம். எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்களாம்."

அவன் பிழைப்பில் பாதி சிங்க் அடைப்பில்தான் ஓடியது. அது அவளுக்கும் தெரியும்.

"வேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லிட்டு? என் முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரப் போறியா?" அவன் எழுந்து சோப்புப் போட்டுக் கை கழுவினான். "இந்தத் தடவை முடிக்கும்போது மூணு தட்டு தட்டறேன். அந்த சார் என்ன பண்றார்னு பார்ப்போம்."

அவள் பொங்கிவந்த சிரிப்போடு முக்காலியை இழுத்து, அரிசி டப்பா மேல் செல்போனை நிறுத்தினாள். அவன் சிங்க்கின் மேல் குனிந்தான்.

"ஏங்க, முகம் தெரியுது. இன்னும் கொஞ்சம் பின்னால போங்க."

போனான்.

"இன்னும் கொஞ்சம்."

அவன் சுவரோடு ஒட்டி நின்று கையை மட்டும் நீட்டினான். செல்போன் திரையில் சிங்க்கும் இரண்டு கைகளும் மட்டும் இருந்தன.

"ம், இப்ப சரியா இருக்கு" என்றாள்.