தூளியில் தொங்கிய தத்துவம்

செவிலியம் என்பது மனிதரின் உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றையும் ஒருசேரத் தாங்கும் பேரறம். அதைக் கற்பிப்பது மானுடத்தின் தலையாய கடமை.

இதை நான் சொல்லவில்லை. எங்கள் கல்லூரித் தாழ்வாரத்தில், சோடா எந்திரத்துக்கும் பெண்கள் கழிப்பறைக்கும் நடுவே, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கழிப்பறைக்குக் காத்து நிற்பவர்கள் படிப்பார்கள். அவசரக்காரர்கள் முதல் வரியோடு விட்டுவிடுவார்கள்.

எழுதியவர் எங்கள் முதல்வர், டாக்டர் ஆர்டிஸ் டோலெஃப்சன். வடக்கு டகோட்டாவில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் கல்லூரி, ஓராண்டில் நர்ஸ்களைத் தயாரித்து அனுப்புகிறது. நோயாளியைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கண்ணில் பட்டதை மேல் நர்ஸிடம் சொல்வது. அவ்வளவுதான் வேலை. அந்த ‘அவ்வளவுதான்’ டாக்டரின் காதில் விழுந்துவிட்டால் அன்றைய மதியச் சாப்பாடு ஆறிப்போகும். அவர் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து தத்துவம் எழுதியவர். ஒவ்வொரு மாணவியும் அதை மனப்பாடம் செய்தாக வேண்டும்.

ட்வைலா ப்ராண்ட்வோல்டுக்கு அது மட்டும் ஏறவில்லை. நாற்பத்தைந்து வயதில் படிக்க வந்தவள். டிராக்டரிலிருந்து விழுந்து புருஷனுக்கு முதுகு போனபின் வீட்டை அவள்தான் இழுக்க வேண்டியிருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை காத்திருந்தது, சான்றிதழ்தான் பாக்கி. ஆளைத் தூக்கும் எந்திரத்தில் நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் தேர்வில் அவள் இரண்டு முறை தோற்றிருந்தாள். முதல் முறை, பயிற்சிப் பொம்மையை ‘கண்ணு’ என்று கூப்பிட்டதற்காக. பொம்மைக்குத் திருமதி ஓல்சன் என்று பெயர். அதன் மாண்பு குலைந்துவிட்டதாம். இரண்டாம் முறை, பாதித் தூக்கலில் டாக்டர், உன்னை இப்போது வழிநடத்தும் தத்துவம் எது என்று கேட்டார். கீழே போட்டுவிடக் கூடாது என்பதுதான் என்றாள் இவள். மூன்றாம் முறையும் போனால் படிப்பு அதோடு சரி.

அந்த மூன்றாம் தேர்வன்றுதான் மாநில நர்ஸிங் வாரியத்திலிருந்து திருமதி கெஸல் ஆய்வுக்கு வந்தார். டாக்டர் தத்துவ விளக்க உரை ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். திருமதி கெஸல் ஜன்னலைப் பார்த்தார். பனிப்புயல் வருகிறது, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரணும், உரை பிறகு ஆகட்டும், ஒரு தேர்வைக் காட்டுங்கள் என்றார்.

திருமதி ஓல்சனின் இடுப்பு கழன்று பழுதுபார்க்கப் போயிருந்தது. டாக்டர் சற்றும் யோசிக்கவில்லை. நோயாளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பதே நம் தத்துவத்தின் நான்காம் வரி என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் ஏறிப் படுத்தார். தேர்வு அட்டையில் நோயாளி பற்றி இப்படி இருந்தது: பக்கவாதம், எல்லாம் புரியும், பேச வராது. நோயாளி ஒரு சொல் பேசினாலும் தேர்வு செல்லாது என்பதும் டாக்டரே போட்ட விதி. மதிப்பெண் போடுவது ஆசிரியை நான்.

ட்வைலா கதவைத் தட்டினாள், பெயர் சொன்னாள், திரையை இழுத்தாள். டாக்டரின் அடியில் எந்திரத்தின் துணித் தூளியை விரித்து, நான்கு கொக்கிகளை மாட்டி, பொத்தானை அமுக்கினாள். டாக்டர் மெல்ல எழும்பினார். கட்டிலைத் தாண்டி, நாற்காலிக்கு மேலே போனதும் எந்திரம் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. பேட்டரி காலி. சார்ஜர் இருந்த பிளக்கில் காப்பிப் பாத்திரத்தைச் செருகியிருந்தார்கள். விருந்தாளிக்காகச் செருகியவர் டாக்டர்தான்.

முழங்கால் மூக்கைத் தொட, சந்தைக்குப் போகிற வாத்து மாதிரி அவர் தொங்கினார். திருமதி கெஸல் அந்தக் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் உங்கள் தத்துவத்தைச் சொல்லுங்களேன் என்று என் பக்கம் திரும்பினார். உடல், உள்ளம் வரை வந்தேன். மூன்றாவது வரவில்லை. சமூகம் என்றேன். தூளிக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது.

"வலிக்குதாம்மா?" என்று ட்வைலா குனிந்தாள். "ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடுங்க. இல்லன்னா ரெண்டு தடவை."

டாக்டர் அவளை முறைத்தார். முறைப்புக்கு அட்டையில் அர்த்தம் போட்டிருக்கவில்லை.

ட்வைலா எந்திரத்தில் எதையோ பிடித்து இழுத்தாள். டாக்டர் அரைவட்டம் சுற்றிச் சுவரைப் பார்த்தார். வேறொன்றைத் திருகினாள். திரும்பி வந்தார். அவள் நெற்றி வேர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் திருமதி கெஸல் கேட்டார்: "ஏம்மா, இப்ப உன்னை வழிநடத்துற தத்துவம் என்ன?"

என் பேனா நின்றது. டாக்டரின் வாய் திறந்தது. தத்துவத்தின் பன்னிரண்டு வரியும் அவர் தொண்டை வரை வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு சொல் வெளியே விழுந்தால் போதும், தேர்வு போச்சு.

ட்வைலா திரும்பக்கூட இல்லை. "அவங்க முதல்ல கீழ இறங்கட்டும். அப்புறம் சொல்றேன்."

டாக்டர் வாயை மூடிக்கொண்டார். மனம் இரங்கியா, முழங்கால் தாடையில் முட்டியா, தெரியவில்லை.

மூன்றாவதாக, பேட்டரி இல்லாமலே இறக்குவதற்கான ஒரு சிவப்பு வளையம் அகப்பட்டது. இழுத்ததும் டாக்டர் பெருமூச்சு மாதிரி இறங்கி நாற்காலியில் அமர்ந்தார். ட்வைலா தூளியை உருவினாள். தூளியிலிருந்து இறக்கியதும் குதிகாலில் அழுத்தப் புண் இருக்கிறதா என்று பார்க்கணும். அதற்கும் மதிப்பெண் உண்டு. ஷூவைக் கழற்றினாள், காலுறையைக் கழற்றினாள், பார்த்தாள், திரும்ப மாட்டினாள். கடைசிப் படி, கண்டதை மேல் நர்ஸிடம் சொல்வது. அந்த மேல் நர்ஸ் நான். என் முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

"நோயாளி பத்திரமா நாற்காலியில இருக்காங்க டீச்சர். குதிகால் ரெண்டும் நல்லாருக்கு. இடது கால் நகம் வெட்டி ரொம்ப நாளாச்சு. அவங்களுக்குக் குனிய முடியல போலருக்கு, யாராவது வெட்டிவிடணும்."

தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருமதி கெஸலும் தன் தாளில் ஏதோ குறித்தார். பிறகு, அப்புறம் சொல்றேன்னியே என்று ட்வைலாவிடம் கேட்டார். இறக்கியாச்சே, அதான் என்றாள் அவள். திருமதி கெஸல் தலையாட்டிவிட்டு, காப்பியோடு வைத்திருந்த உருளைக்கிழங்கு ரொட்டியான லெஃப்சாவில் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பனிக்கு முன்னால் காரைக் கிளப்பினார். உரையை அவர் கேட்கவில்லை. கல்லூரிக்கு அங்கீகாரம் வந்துவிட்டது. தத்துவம் அதே இடத்தில் மாட்டியிருக்கிறது.

நகம் நீளமாகத்தான் இருந்தது. காலுறையில் ஓட்டை விழுந்திருந்தது.